வலது மூலையில் மூன்று பச்சைப் புள்ளிகள்

கைபேசியில் படம் எதுவும் ஓடவில்லை. பெயர்களும் எண்களும் மட்டும்தான். ஆனாலும் பாஸ்கல் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொழும்பில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களின் கூடைப்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்தியாவும் இலங்கையும். யாராவது பந்தைக் கூடையில் போட்டால், தவறவிட்டால், பறித்தால், அடுத்த நொடியே அந்தப் பட்டியலில் ஓர் எண் மாறும். பதினைந்தாம் எண்ணுக்கு நேரே அவருடைய மகள் ஷைனியின் பெயர் இருந்தது. பெயருக்கு எதிரே வெறும் கோடுகள். அவள் இன்னும் ஆடுகளத்துக்குள் போகவில்லை என்று அர்த்தம்.

துறைமுகத்தில் அது டீ நேரம். பாஸ்கல் கப்பலின் நிழலில், ஒரு மரப்பலகைமேல் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னா மாமு, போனையே உத்துப் பாத்துகினு கீறே?" என்று கேட்டபடி தாமோதரன் வந்தார்.

"பாப்பா மேட்சு. மூணாவது குவார்ட்டர் ஓடுது."

"பட்டப்பகல்லயே மூணு குவார்ட்டரா? அண்ணிக்குத் தெரியுமா?"

"அட சும்மா கிட."

இருவரும் டாலி கிளார்க்குகள். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது அவர்கள் வேலை. கப்பல் பக்கத்துக்குத் தாமோதரன், கரைப் பக்கத்துக்குப் பாஸ்கல். ஒரே மூட்டையை இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணுவார்கள். நாலு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார்கள். வேலை முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால்தான் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு மூட்டை வித்தியாசம் என்றாலும் உட்கார்ந்து தேடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒருவர் எண்ணியதை மற்றவர் சரிபார்த்துச் சரிபார்த்து, இருவருக்கும் நடுவில் ஒளிக்க எதுவும் மிச்சமில்லாத ஒரு சிநேகம் வந்திருந்தது.

மூன்றாவது கால்பகுதி முடிய ஆறு நிமிடம் இருபது நொடி இருந்தபோது பதினைந்தாம் எண்ணின் கோடுகள் மறைந்தன. நிமிடம் ஓடத் தொடங்கியது. பாஸ்கல் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.

இந்தியா அப்போது நான்கு பாயின்ட் பின்தங்கியிருந்தது. பிறகு ஷைனியின் பெயருக்கு நேரே இரண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் நான்கு. டீ நேரம் முடிந்து, மூட்டைகள் மறுபடி இறங்க, கிரேனின் இரண்டு தூக்குக்கு நடுவில் அவர் எட்டிப் பார்த்தபோது எட்டு. கடைசியில் இந்தியா 64, இலங்கை 59. ஷைனி: பதினான்கு நிமிடம் ஐந்து நொடி, எட்டு பாயின்ட், ஐந்து ரீபவுண்டு, இரண்டு முறை பந்தைப் பறித்தது. அவள் உள்ளே இருந்த நேரத்தில் அணி எதிரணியைவிட ஒன்பது பாயின்ட் அதிகம் எடுத்திருந்தது. அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. '+9'.

"தாமோதரா! ஒம்பது!"

"எண்ணிக்கினு கீறப்போ நம்பர் கத்தாத, எனக்குக் கணக்கு மாறிடும்," என்றார் தாமோதரன். ஆனால் அவரும் சிரித்தார்.

அந்த வாரம் ராயபுரத்தில் அவர்கள் தெருவே கலகலத்தது. மாதா கோயில் அன்பியக் குழுவின் பையன்கள் ஜெரியின் தலைமையில் தெரு முனையில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். 'சர்வதேச ஆட்டத்தில் எட்டு பாயின்ட் எடுத்த எங்கள் ஷைனி' என்று பெரிய எழுத்து. ஷைனியின் அம்மா சிலுவையம்மாள் காய் வாங்கப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போனாள். காய்க்கடை எதிர்த்திசையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை இன்னொன்றும் நடந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ரஹீமுன்னிசா. அவர் வீட்டுக்குப் போன் செய்தார். அந்த ஆட்டத்தின் புள்ளிவிவரத்தைப் பார்த்தாராம். "பெஞ்சில இருந்து வந்து ஆட்டத்தைத் திருப்பற பொண்ணு எங்களுக்கு வேணும். அந்த டீம்ல இருந்து ஒருத்தரைத்தான் கூப்பிடறேன். வர்ற திங்கக்கிழமை காலைல கிரவுண்டுக்கு அனுப்புங்க." தேர்வானால் அணியில் இடமும் தொழிற்சாலையில் வேலையும். சிலுவையம்மாள் போனை வைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் திரும்பிய ஷைனி மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. "டயர்டா கீதும்மா," என்றாள்.

பாஸ்கலுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அவருக்கு இருந்தது ஆசை. மகள் ஆடியதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. எண்களை வைத்தாவது பார்த்துவிட வேண்டும். ஜெராக்ஸ் கடையில் அந்தத் தாள்களை அச்செடுத்து வந்தார். கடைசித் தாளில் ஆடுகளத்தின் படம் இருந்தது. யார் எந்த இடத்திலிருந்து எறிந்தார் என்பதை அது காட்டும். உள்ளே போனால் பச்சைப் புள்ளி, போகாவிட்டால் சிவப்புப் பெருக்கல் குறி. ஷைனியின் படத்தில் மூன்று பச்சைப் புள்ளிகள். மூன்றும் வலது மூலையில். மிச்ச பாயின்ட் ஃப்ரீ த்ரோவில் வந்தது, அதற்குப் புள்ளி கிடையாது.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். ஷைனி இடக்கைக்காரி. கோயில் மைதானத்தில் அவள் எறிய எறிய, கூடைக்குக் கீழே நின்று பந்தை எடுத்துப் போட்டவர் அவர்தான். இடது பக்கத்திலிருந்து எறிவாள், நடுவிலிருந்து எறிவாள். வலது மூலைக்குப் போனால் பந்தை வேறு யாருக்காவது தள்ளிவிடுவாள்.

"ஏம்மா, வலது மூலைல இருந்து எப்பக் கத்துக்கின? மூணு போட்டு மூணும் உள்ள!"

"அது... அப்படியே வுழுந்துச்சுப்பா," என்றாள் ஷைனி, தலை சீவிக்கொண்டே. ஏற்கெனவே சீவிய தலை அது.

அவருக்கு இன்னும் ஆர்வம் கூடியது. பேனாவை எடுத்துக்கொண்டு தாளை முழுக்கக் கூட்டிப் பார்த்தார். பாயின்ட் எல்லாம் கூட்டினால் அறுபத்து நான்கு. சரி. ஐந்து பேர் நாற்பது நிமிடம் ஆடினால் மொத்தம் இருநூறு நிமிடம் வர வேண்டும். வந்தது. எல்லாம் ஒத்துப்போனது. ஒன்றே ஒன்று உறுத்தியது. ஒன்பதாம் எண் சுஜா, திருவொற்றியூர்ப் பெண். அதுவரை பதினான்கு பாயின்ட் எடுத்திருந்தாள். அணியில் அவள்தான் அதிகம். மூன்றாவது கால்பகுதியில் ஆறு நிமிடம் இருபது நொடி இருக்கும்போது வெளியே போனவள், அதற்குப் பிறகு உள்ளே வரவே இல்லை. அதே நொடியில்தான் ஷைனி உள்ளே போயிருக்கிறாள்.

நான்கு பாயின்ட் பின்தங்கியிருக்கும்போது, பதினான்கு எடுத்த பெண்ணை யாராவது உட்கார வைப்பார்களா?

வியாழக்கிழமை அதைத் தாமோதரனிடம் கேட்டார்.

"அடிபட்டிருக்கும்," என்றார் தாமோதரன்.

"அடிபட்டவ கடைசி போட்டோல குதிச்சிக்கினு கீறாளே. பாரு." பாஸ்கல் கைபேசியை எடுத்தார். ஆட்டம் முடிந்ததும் எடுத்த அணிப் படம் அது. ஷைனி கொழும்பிலிருந்தே அனுப்பியிருந்தாள். கைபேசியைத் தொட்டாலே தெரியும்படி அதை முகப்பில் வைத்திருந்தார்.

தாமோதரன் அதை வாங்கும் நேரத்தில் மேலே ஒரு மூட்டை கிழிந்து பருப்பு கொட்டியது. தொழிலாளர்கள் திட்டிக்கொண்டே கூட்டி அள்ளி, பக்கத்தில் கிடந்த வெற்றுக் கோணியில் போட்டுக் கட்டினார்கள். அந்தக் கோணியில் வேறு ஒரு வியாபாரியின் முத்திரை இருந்தது. பாஸ்கலும் தாமோதரனும் ஒரே சமயத்தில் தங்கள் தாளில் பழைய முத்திரையை எழுதி, பக்கத்தில் 'கோணி மாற்றம்' என்று குறித்தார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கோணியின் முத்திரையைப் பார்ப்பார்கள். உள்ளே யார் சரக்கு என்று பார்க்க மாட்டார்கள். சரக்கு வேறு ஒருவர் கணக்கில் ஏறிவிடும்.

தாமோதரன் பேனாவை மூடிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார்.

"மாமு. கோணி மாறிகீது."

படத்தின் நடுவில் மூக்கில் பஞ்சு வைத்தபடி குதித்துக்கொண்டிருந்த சுஜாவின் மார்பில் பதினைந்து என்று இருந்தது. ஓரத்தில் ஷைனி, கழுத்துவரை இழுத்து மூடிய நீல ஜாக்கெட்டில்.

ஐந்து நாளாகப் பாஸ்கல் அந்தப் படத்தை ஒரு நாளைக்கு நூறு முறை பார்த்திருக்கிறார். தன் பிள்ளையின் முகத்தையே தேடிய கண்ணுக்கு, நடுவில் குதித்த பிள்ளையின் சட்டை எண் தெரியவில்லை.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றார் தாமோதரன் மெதுவாக, கைபேசியைத் திருப்பிக் கொடுத்து. "நீயே பாப்பாகிட்டக் கேளு. அதட்டாத. இன்னாமோ கீது அதுல."

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்து அப்பாவும் மகளும் காசிமேட்டுக் கடற்கரைக் கற்கள் பக்கம் நடந்தார்கள். படகுகள் வந்து சேர்ந்த நேரம். மீன் ஏலக்குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பாஸ்கல் தாளை எடுக்கவில்லை. கைபேசியில் அந்தப் படத்தை மட்டும் காட்டினார்.

"கோவம் இல்லம்மா. இன்னா நடந்துச்சுன்னு தெரிஞ்சிக்கணும். அவ்ளோதான்."

ஷைனி மடைதிறந்த மாதிரி சொன்னாள்.

"சுஜாக்கு மூக்குல முழங்கை பட்டுச்சுப்பா. கோச் டைம் அவுட் கேட்டாரு. பஞ்சு வெச்சதும் ரத்தம் நின்னுடுச்சு. ஆனா சட்டையெல்லாம் ரத்தம். அந்தச் சட்டையோட உள்ள வுடமாட்டாங்க. மேனேஜர் எக்ஸ்ட்ரா சட்டைங்க இருந்த பைய ரூம்லயே வெச்சிட்டு வந்துட்டாரு. நான் பெஞ்சுல சும்மாதான உக்காந்துகினு கீறேன்... நாலு பேரு துண்டு புடிச்சாங்க, கழட்டிக் குடுத்துட்டேன்."

"ஸ்கோர் எழுதற மேசைல சொல்லலியா?"

"கோச் சொன்னாரு. பேப்பர்ல எழுதறவரு எழுதிக்கினாரு. லேப்டாப்ல போடறவரு நிமிந்து பாத்துகீறாரு. ஒம்பது காணோம், பதினஞ்சு நிக்குது. ஆள் மாத்திட்டாங்கன்னு போட்டுட்டாரு."

"பேப்பரு ஒரு டாலி, லேப்டாப்பு ஒரு டாலி. முடிஞ்சதும் ரெண்டையும் ஒண்ணா வெச்சிப் பாக்கலியா?" பாஸ்கலின் குரலில் முதல்முறையாக உண்மையான கோபம் வந்தது.

"எல்லாரும் போட்டோ எடுக்கப் போயிட்டாங்கப்பா."

அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"பஸ்ல போன்ல பாத்தோம். எனக்கு எட்டு பாயின்ட்! எல்லாரும் ஓன்னு கத்துனாங்க. நான் சொல்லிடலாம்னு எழுந்தேன்பா, சத்தியமா. சுஜாதான் கையப் புடிச்சி உக்கார வெச்சா. 'எனக்குச் சட்டை குடுத்த இல்ல, அந்த எட்டு உனக்கு இருக்கட்டும்டீ. இந்த டோர்னமென்ட்ல ஒரு நிமிஷம்கூட உன்ன எறக்கல. வூட்டுல காட்டு'ன்னா. அவ நல்லதுக்குத்தான் சொன்னா. அப்புறம் நீ போன்ல அழுத. அப்புறம் ஃபிளெக்ஸ். அப்புறம் அந்த மேடம்..." அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். "சொன்னா எனக்கு சீரோகூட வராதுப்பா. சீரோன்னா ஆடி எடுக்காதது. எனக்குக் கோடுதான் வரும்."

பாஸ்கல் ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஒருத்தி சட்டை கொடுத்தாள். இன்னொருத்தி அதற்குக் கைம்மாறாக எட்டு பாயின்ட் கொடுத்தாள். இரண்டும் அன்புதான். ஆனால் அன்பு செய்யப்போய் நாம் சில நேரம் ஒரு பொய்க்குக் கூரை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். பிறகு அதன் கீழே யாரோ ஒருவர் தூக்கமில்லாமல் இருக்க வேண்டியிருக்கிறது.

"ஒரு ஆளத்தான் கூப்பிடறேன்னு அந்த மேடம் சொன்னாங்களே, அது சுஜாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஷைனி இல்லையென்று தலையசைத்தாள். தெரியாது.

"பதினாலும் எட்டும் இருவத்திரெண்டு. அத பாத்திருந்தா யாரக் கூப்ட்டிருப்பாங்க?"

பாஸ்கல் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "நீ இன்னா முடிவு பண்ணாலும் அப்பா கூட வரேன்," என்றார். பாதி வழியில் ஷைனி நின்றாள்.

"நாளைக்குத் திருவொத்தியூர் போலாம்பா."

சுஜாவின் அப்பா அய்யாத்துரைக்குத் திருவொற்றியூரில் மளிகைக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. சுஜாவின் மூக்குத்தண்டில் இன்னும் ஊதா நிறம் போகவில்லை. ஷைனி சொன்னதைக் கேட்டு அவளுக்குக் கோபம் வந்தது.

"கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வந்தியா? என் வீட்டுல சாக்லேட் டப்பா கொடுத்தாகூட இப்படித்தான் பண்ணுவியா?"

"நீ குடுத்தது எட்டு பாயின்ட்டு. அது பின்னாடியே உன் வேலை ஒண்ணு எங்க வூட்டுக்கு வந்துடுச்சு சுஜா. அதையுமா குடுத்த?"

ரஹீமுன்னிசா போன் செய்ததை ஷைனி சொன்ன பிறகுதான் சுஜாவுக்கு விஷயம் புரிந்தது. "எனக்குத் தெரியாதுடீ," என்றாள். பிறகு பாஸ்கலைப் பார்த்து, "தெரியாது அங்கிள்."

"தெரியாம நடந்ததுக்கு ஒரு வழி கீதும்மா," என்றார் பாஸ்கல். "ரெண்டு பேரும் உக்காந்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

போட்டி நடத்தியவர்களுக்கு இருவரும் சேர்ந்து மின்னஞ்சல் எழுதினார்கள். அணிப் படத்தையும் இணைத்தார்கள். மேசையில் பேனாவால் எழுதிய தாளைப் பார்க்கும்படி கேட்டார்கள். கீழே இரண்டு பெயர். அதன்பிறகு ஷைனி ரஹீமுன்னிசாவுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

ரஹீமுன்னிசா கேட்டார்: "அப்ப அந்த மேட்ச்ல நீ எவ்வளவு நேரம் ஆடின?"

"ஆடவே இல்ல மேடம்."

"சட்டை மட்டும் ஆடிச்சு."

"ஆமா மேடம்."

"சரி. அந்த சுஜா நம்பர் வேணும்."

"பக்கத்துலயே கீறா மேடம்."

சுஜாவைத் திங்கட்கிழமை வரச் சொன்னார். ஷைனியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். அய்யாத்துரை கடையிலிருந்து கடலைமிட்டாய் கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை. பிறகு ஷைனி ஒன்று எடுத்தாள். ஒரு வாரத்தில் யாரும் வற்புறுத்தாமல் அவளாகச் சாப்பிட்டது அதுதான்.

வீட்டில் சிலுவையம்மாள் அழுதாள். "தெருவே பாத்துதே. நான் எப்டி வெளில தலகாட்டுவேன்?" என்றாள். ஆனால் மாலையில் ஜெரியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னவளும் அவள்தான். ஜெரி கொஞ்சம் யோசித்தான். "முழுசா எடுக்க வாணாம்க்கா. ஒரு வரியத்தான வெட்டணும்?" ஏணி போட்டு ஏறி, எட்டு பாயின்ட் இருந்த மேல் வரியை மட்டும் அறுத்து எடுத்தான். ஃபிளெக்ஸில் 'எங்கள் ஷைனி' மிஞ்சியது. வெட்டிய சந்து வழியாகக் கடற்காற்று வந்தது.

திங்கட்கிழமை ஷைனி சுஜாவுக்குத் துணையாகப் போனாள். பாஸ்கல் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களோடு போனார். ரஹீமுன்னிசா நெட்டையான பெண்மணி. கழுத்தில் விசில். வந்திருந்தவர்களை எண்ணினார். ஒன்பது பேர். இரண்டு அணிக்குப் பத்து வேண்டும்.

"ஓரத்துல பையத் தூக்கிட்டு நிக்கறது யாரு?"

"சட்டை கொடுத்தவ மேடம்," என்றாள் சுஜா.

ரஹீமுன்னிசா ஷைனியை மேலும் கீழும் பார்த்தார். "ஷூ போட்டிருக்கியா?"

"போட்டுகீறேன் மேடம்."

"உள்ள வா. பத்தாவது ஆள் இல்லாம என்னால ஆட்டம் நடத்த முடியாது."

அங்கே மேசை இல்லை, லேப்டாப் இல்லை. பாஸ்கல் சட்டைப்பையிலிருந்து கொழும்புத் தாளை எடுத்து, மடித்து, பின்பக்கத்தில் பத்துப் பேருக்கும் வரிசை போட்டார். இருபது நிமிடம் ஆடினார்கள். மகள் ஆடும்போது எழுந்து கத்தத்தான் ஆசை. ஆனால் எண்ணும்போது கத்தினால் கணக்கு மாறிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கோடு போட்டார். இடது பக்கத்திலிருந்து ஷைனி இரண்டு முறை போட்டாள். ஒரு முறை சுஜாவிடமிருந்தே பந்தைப் பறித்தாள். சுஜா "அடிப்பாவி!" என்றாள். கடைசியில் வலது மூலையில் பந்து வந்தபோது, யாருக்கும் தள்ளாமல் தானே எறிந்தாள். வளையத்தில் பட்டு வெளியே வந்தது. அதையும் பாஸ்கல் குறித்தார்.

முடிவில் சுஜாவுக்கு இடம் கிடைத்தது. ஷைனியிடம் ரஹீமுன்னிசா சொன்னது இவ்வளவுதான்: "வேலை பத்தி இப்ப நான் ஒண்ணும் சொல்ல முடியாது. தினம் காலைல ஆறு மணிக்குப் பிராக்டிஸ். பத்துப் பேர் எப்பவும் சேர மாட்டாங்க. வர்றியா?"

"வரேன் மேடம்," என்றாள் ஷைனி, கேள்வி முடிவதற்குள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சுஜாவின் கைபேசிக்குத் திருத்திய தாள் வந்து சேர்ந்தது. மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். ஒன்பது, சுஜா: முப்பத்து மூன்று நிமிடம் பதினைந்து நொடி, இருபத்திரண்டு பாயின்ட். பதினைந்து, ஷைனி: கோடு. மூவரும் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். ஷைனி தன் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது சரியா கீது," என்றாள்.

பாஸ்கல் தன்னுடைய தாளைப் பிரித்தார். 'ஷைனி: இருபது நிமிடம், நான்கு பாயின்ட், மூன்று ரீபவுண்டு, பறித்தது ஒன்று. வலது மூலை ஒன்று, போகவில்லை.' கீழே 'கரைப் பக்கம்' என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு பேனாவைச் சுஜாவிடம் நீட்டினார்.

"எதுக்கு அங்கிள்?"

"ஒரு கையெழுத்து மட்டும் இருந்தா செல்லாதும்மா. நீயும் பாத்த இல்ல?"

சுஜா தாளை ஷைனியின் முதுகில் வைத்து, அந்த எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். "பறிச்சது ஒண்ணுதான். அது என்கிட்ட இருந்து," என்று முணுமுணுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.